கள்ளா, கல்லா? – பைக்குள் ஒரு தமிழ் விசைப்பலகை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘எழுத்தும் புதிய கருவிகளும்’. தலைப்பைக் கேட்டதும் பெரிய பெரிய விஷயங்களைப் பேசப் போகிறேன் என்று நினைத்து விடாதீர்கள். ஒரே ஒரு சின்னப் பொருளைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். இதோ பாருங்கள். மடித்தால் பிள்ளைகளின் பென்சில் பெட்டி அளவு. விரித்தால் முழு விசைப்பலகை. கம்பி கிடையாது. கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டால் போதும், எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் என் மேசை.

“அட, இதற்கா ஒரு பேச்சு? எல்லாரும்தான் போனில் தட்டிக் கொண்டிருக்கிறார்களே!” என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பாட்டி. அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

முருங்கைக்கீரைப் பாட்டி

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தோட்ட வாழ்க்கை பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காகக் கெடாவில் பாடாங் செராய் பக்கம் படப்பிடிப்பு. பழைய லயத்தில் மிச்சம் இருந்த சில வீடுகளில் ஒன்றில் அந்தப் பாட்டி இருந்தார். வயது 82. கேமராவைப் பார்த்ததும் பாட்டிக்கு வாய் கட்டிப் போய்விட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் “நல்லா இருந்தோம்மா, கஷ்டம்தான், என்ன செய்யறது” என்று மூன்றே பதில்கள். ஒரு மணி நேரம் எடுத்தோம். இரண்டு நிமிடம்கூடத் தேறாது என்று எங்களுக்குத் தெரிந்து விட்டது.

கேமராவை மடக்கி வேனில் ஏற்றும்போது பாட்டி முருங்கைக்கீரை உருவிக் கொண்டிருந்தார். “ஏம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டுத் தேத்தண்ணி குடிக்காமப் போறியா? உக்காரு. அந்தப் பொட்டிய அணைச்சிட்டாங்கல்ல, இப்ப ஒண்ணு சொல்றேன்” என்றார். சொன்னார் பாருங்கள்! அவர் சிறுமியாக இருந்தபோது தோட்டத்துக்குள் போலீஸ் வந்தது, அவருடைய அப்பா செய்தது, அம்மா அழுதது, அப்பாவின் காக்கிச் சட்டையைக் கிணற்றடியில் புதைத்தது. கால் மணி நேரம் நிறுத்தாமல் சொன்னார். நான் வாய் பிளந்து கேட்டுக் கொண்டிருந்தேன்.

அங்கிருந்து சுங்கை பட்டாணிக்குத் திரும்பும் வழியில், ஆடுகிற வேனில், இரண்டு கட்டை விரல்களால் போனில் குறிப்பு எடுத்தேன். என் தலைமுறைக்காரர்கள் செய்கிற மாதிரிதான், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். நான்கு வரிகூட இருக்காது. ராத்திரி ஓட்டலுக்குப் போய் விரிவாக எழுதிக் கொள்ளலாம் என்று நினைத்தேன். ராத்திரி அலுப்பில் தூங்கி விட்டேன். மறுநாள் வேறு படப்பிடிப்பு.

2020 பிப்ரவரியில் அந்தக் குறிப்பைத் திறந்தேன். முக்கியமான வரி இப்படி இருந்தது: அப்பா, பிறகு கே, ஏ, இரண்டு எல், யு, பிறகு ‘தூக்கிப் போட்டார்’.

அந்த ஐந்து எழுத்தைத் தமிழில் எப்படிப் படிப்பீர்கள்? கள்ளு என்றா? கல்லு என்றா?

நேயர்களே, அப்பா தூக்கிப் போட்டது கள்ளா, கல்லா? எனக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனை முறை கண்ணை மூடி யோசித்தாலும் பாட்டியின் கையும் முருங்கைக் காம்பும்தான் தெரிந்தன. குரல் வரவில்லை.

ஓர் எழுத்து, இரண்டு சரித்திரம்

இது சின்ன வித்தியாசம் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி அதை வழிநடத்தினார். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தையும் குடும்பத்தையும் கரைத்துக் கொண்டிருந்த கள்ளுக்கடையை எதிர்ப்பது அவர்களுடைய முக்கியமான வேலை. 1947 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெடாவில் தொழிலாளர்களுக்கும் போலீசுக்கும் மோதல்கள் நடந்தன. உயிர்ப்பலியும் ஏற்பட்டது. பாட்டிக்கு அப்போது 10 வயது.

இப்போது அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். அப்பா கள்ளைத் தூக்கிப் போட்டார் என்றால், அவர் மறியலுக்குப் போன தொண்டர். கல்லைத் தூக்கிப் போட்டார் என்றால், அவர் போலீசை எதிர்த்து நின்ற மனிதர். இரண்டும் துணிச்சல்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செத்துப்போன ஒரு மனிதர் மீது, அவர் செய்யாததை நான் எப்படி ஏற்றிச் சொல்வது?

நேரில் போய்க் கேட்டு விடலாம் என்று மார்ச் கடைசியில் நாள் குறித்தேன். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாது. மீண்டும் நான் பாடாங் செராய்க்குப் போனபோது, வீட்டு வாசலில் பாட்டி இல்லை. படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர் மகனிடம் கேட்டேன். “அம்மா எங்ககிட்ட அதெல்லாம் பேசினதே இல்ல தங்கச்சி. உங்ககிட்ட சொன்னாங்களா? என்ன சொன்னாங்க?” என்று அவர் என்னைக் கேட்டார்.

பதில் சொல்ல முடியாமல் நின்றேன். 72 வருடம் ஒரு தாய் மனசுக்குள் வைத்திருந்ததை என்னிடம் கொடுத்தார். நான் அதை ஐந்து ஆங்கில எழுத்தில் தொலைத்து விட்டேன். குற்றம் போனுடையது அல்ல. என்னுடையது. அன்றைக்குத்தான் தமிழில், பத்து விரலாலும், போகிற இடத்திலேயே எழுதப் பழக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நம் வட்டாரத்தின் சொத்து

தமிழைத் தட்டி எழுதுவது ஏதோ வெளிநாட்டுக்காரன் நமக்குக் கொடுத்த வசதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதில் நம் வட்டாரத்தின் பங்கு பெரியது.

தமிழ்த் தட்டச்சு யந்திரத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். இளம் வயதில் பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனையையும் ஒரு யந்திரத்தின் சில வரிசை விசைகளுக்குள் எப்படி அடக்குவது? எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். சில விசைகளை அழுத்தினால் தாள் நகராமல் அப்படியே நிற்கும்படி செய்தார். புள்ளியும் எழுத்தும் ஒன்றன் மேல் ஒன்று விழுவதற்கு அதுதான் வழி. ஜெர்மனியில் அந்த யந்திரங்கள் தயாராகின. முதலில் மேசையில் வைக்கிற கனமான யந்திரம். பிறகு கையில் தூக்கிப் போகிற சின்ன யந்திரம். அந்தக் காலத்திலேயே தமிழனுக்கு ‘தூக்கிப் போகிற விசைப்பலகை’ தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்!

அடுத்தது கணினிக் காலம். 1980-களில் நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். மரபுக் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். அதிலிருந்து வளர்ந்த முரசு அஞ்சலை உலகம் முழுவதும் தமிழர்கள் பயன்படுத்தினார்கள். 2005 பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் செல்லினம் வெளியானது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று காட்டியது அது.

இடையில் மாநாடுகள். 1997-இல் சிங்கப்பூரில், அமரர் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு. 1999-இல் சென்னை மாநாடு. அதை ஒட்டித்தான் ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகை தமிழ்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்றது. 2001-இல் நம் கோலாலம்பூரிலும் மாநாடு கூடியது. இத்தனை பேர் பாடுபட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாம் இன்னும் வெளியே நின்று, ‘எப்படி இருக்கீங்க’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிக் கொண்டிருக்கிறோம்.

ஆள்காட்டி விரல் சொல்லும் பாடம்

நான் தமிழ் 99 கற்றுக் கொண்டேன். கஷ்டமா என்று கேட்பீர்கள். முதல் வாரம் அழுகை வரும். மூன்றாவது வாரம் விரல் தானாகப் போகும். அதன் அமைப்பு எளிமையானது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு. மெய் எழுத்துகள் வலது கைக்கு. க, ப, ம, த, ந, ய போன்று நாம் அடிக்கடி எழுதும் எழுத்துகள் நடு வரிசையில், விரலுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ. நான்கே தட்டு.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கள்ளு என்று எழுத க, ள, ள, உ. கல்லு என்று எழுத க, ல, ல, உ. இந்த ளகரமும் லகரமும் தமிழ் 99-இல் எங்கே இருக்கின்றன தெரியுமா? இரண்டையும் தட்டுவது வலது கையின் ஆள்காட்டி விரல்தான். அதே விரல் மேல் வரிசைக்குப் போனால் கள். கீழ் வரிசைக்கு வந்தால் கல். அரை அங்குல அசைவு! முதல் முறை அந்த இரண்டு சொல்லையும் தட்டிப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது. அன்றைக்கு வேனில் அந்த அரை அங்குலத்தை நான் அசைத்திருந்தால், ஒரு மகனுக்கு அவன் தாத்தாவைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

தமிழ் 99 வேண்டாம், ஆங்கில எழுத்து வழியாகத்தான் வரும் என்பவர்களுக்கு அஞ்சல் முறை இருக்கிறது. அதிலும் சிறிய எல் தட்டினால் ல, பெரிய எல் தட்டினால் ள. திரையில் தமிழ் எழுத்து வருவதால் தப்பு உடனே கண்ணில் படும். பழைய தட்டச்சு தெரிந்த பெரியவர்கள், தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தவர்கள், அந்தப் பழைய அமைப்பிலேயே எழுதவும் மென்பொருள்கள் உண்டு. எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் தமிழ் எழுத்தில் வர வேண்டும். அதுதான் முக்கியம்.

வாங்குவதற்கு முன்

இனி, “எனக்கும் ஒன்று வாங்கலாமா?” என்று யோசிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கம்பியில்லா விசைப்பலகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கணினியில் சின்னதாக ஒரு சொருகி செருகினால் வேலை செய்வது. மற்றது புளூடூத். கைத்தொலைபேசிக்குப் புளூடூத் வகைதான் தோது. (அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஓர் அரசரின் பட்டப்பெயர் அது. சிதறிக் கிடந்த மக்களை ஒன்று சேர்த்தவர் என்பதால், கருவிகளை ஒன்று சேர்க்கும் நுட்பத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.)

மடிப்பது கைக்கு அடக்கம். ஆனால் மடிப்பு வருகிற இடத்தில் சில விசைகள் தள்ளிப் போயிருக்கும், பழக நாளாகும். தவிர, மடியில் வைத்தால் நடுவில் தொய்யும். பலகை போல ஒரே துண்டாக வருவது மடியில் நிற்கும், பைக்குத்தான் பெரிது. நான் சுங்கை பட்டாணியில் 80 வெள்ளிக்குள் வாங்கினேன். விலையைவிட முக்கியம், கடையிலேயே உங்கள் சொந்தப் போனுடன் இணைத்துப் பார்ப்பது. போனில் முதலில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொண்டு போங்கள். வெளி விசைப்பலகையில் தட்டும்போதும் தமிழ் வருகிறதா என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். சில போன்களில் திரையில் தமிழ் வரும், வெளியில் தட்டினால் ஆங்கிலம் வரும். அதற்கு அமைப்பில் ஒரு மாற்றமோ வேறு செயலியோ தேவைப்படலாம். கடைக்காரத் தம்பி “எல்லாம் ஓகே அக்கா” என்பார். நீங்கள் ‘கள்ளு, கல்லு’ இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்!

நான் அதிகமாக எழுதுவது கொமுட்டர் ரயிலில். சுங்கை பட்டாணியில் ஏறி, குருண் தாண்டி, அலோர்ஸ்டார் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஒரு பக்கம் ஜெராய் மலை, அப்புறம் வயல்வெளி. அந்த நேரத்தில் ஒரு பக்கம் எழுதி முடித்து விடலாம். ஆஸ்பத்திரியில் எண் கூப்பிடக் காத்திருக்கும் நேரம், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்திருக்கும் நேரம், இதெல்லாம் வீணாகப் போகிற நேரம் அல்ல.

குரல்பதிவு போதாதா?

“எதற்கு இந்த வம்பு? குரலைப் பதிவு செய்யலாமே, பேசினால் எழுத்தாக மாற்றுகிற வசதிகூட வந்து விட்டதே!” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பாட்டி பேசியது பெட்டியை அணைத்த பிறகுதான். பலர் அப்படித்தான். கருவியைப் பார்த்ததும் மனசு மூடிக் கொள்கிறது.

இன்னொன்று, நம் தோட்டத்துத் தமிழ். கித்தா, மங்கு, ஒட்டுப்பால், பிரட்டு, மண்டோர், ஆயாக்கொட்டகை. பேச்சை எழுத்தாக்கும் செயலியிடம் இந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘பிரட்டு’ என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு வரிசையில் நிற்பது என்று அதற்குத் தெரியுமா? தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிப் போட்டு விடுகிறது. நம் சொல்லை நாம் எழுதினால்தான் அது நம் சொல்லாக இருக்கும்.

மூன்றாவது, பதிவு செய்து வைத்ததை யார் திரும்பக் கேட்கிறார்கள்? என்னிடமே பல மணி நேரப் பதிவுகள் கேட்கப்படாமல் கிடக்கின்றன. எழுதும்போதுதான், “இந்த இடம் புரியவில்லையே, திரும்பக் கேட்க வேண்டுமே” என்று தோன்றுகிறது.

ஆனால் ஒரு நாகரிகத்தை மறக்கக் கூடாது. பெரியவர்கள் பேசும்போது முன்னால் உட்கார்ந்து தடதடவென்று தட்டாதீர்கள். முகத்தைப் பாருங்கள். “ம்” கொட்டுங்கள். தேத்தண்ணி குடியுங்கள். விடைபெற்று வெளியே வந்த பிறகு, கார் கிளம்புவதற்கு முன், பத்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள். மேலே தேதி, இடம், சொன்னவர் பெயர். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். உங்கள் சொல்லாக மாற்றாதீர்கள். சந்தேகம் வந்தால், இறங்கிப் போய்க் கேட்டு விட்டு வாருங்கள். பாட்டி இன்னும் வாசலில்தான் இருப்பார்.

நாம் செய்யக்கூடியது

கெடாவில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் போன்றவர்கள் இந்த மண்ணின் வாழ்க்கையை நாவல்களாகத் தந்திருக்கிறார்கள். சயாம் மரண ரயில்பாதை பற்றி ‘கையறு’ என்று கோ. புண்ணியவான் ஒரு நாவலே எழுதினார். ஆனால் ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் எழுத்தாளர் கிடைக்க மாட்டார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வருகிறது. லயம் உடைந்தால் ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போகிறார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்று போனது. நமக்காக வேறு யாரோ எழுதி வைப்பார்கள் என்று இருக்க முடியாது.

என் வேண்டுகோள் இதுதான். கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு விசைப்பலகை, யாராவது பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஒரு பழைய போன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் 99 சொல்லிக் கொடுங்கள். வாரம் ஒரு பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். தாத்தாவிடம், பாட்டியிடம் ஒரே ஒரு சம்பவத்தைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். வருட முடிவில் ஒரு தோட்டத்தின் சரித்திரம் கையில் இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மனம் வைத்தால் நடக்கிற காரியம்தான்.

விசைப்பலகை வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 2 வெள்ளி நோட்டும் பேனாவும் போதும். பேனாவும் ளகரத்தையும் லகரத்தையும் பிரித்து எழுதும். கருவி எதுவானாலும், எழுத்து தமிழாக இருக்கட்டும், அன்றைக்கே எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

பாட்டியின் அப்பா கதையை நான் நிகழ்ச்சியில் சேர்க்கவில்லை. என் கோப்பில் அந்த வரி இப்போதும் இருக்கிறது. தமிழில் மாற்றி எழுதியிருக்கிறேன்: ‘அப்பா, பிறகு ஒரு கோடு, தூக்கிப் போட்டார்.’ அந்தக் கோட்டை நிரப்ப இனி யாராலும் முடியாது.

உங்கள் வீட்டில் இன்னும் நிரப்ப முடிகிற கோடுகள் இருக்கின்றன. இந்த வாரக் கடைசியில் போய்க் கேளுங்கள்.